டேப்லெட்டில் இடமில்லையா? மெமரி கார்டு போடும் முன் கவனிக்க வேண்டியவை

வயலில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டப் படம் எடுக்கலாம் என்று டேப்லெட்டை உயர்த்தினால், சேமிக்க இடமில்லை என்று திரையில் எழுத்து வருகிறது. நின்ற இடத்திலேயே அவசரமாகப் பழைய படங்களை அழிக்கிறார்கள். எதை அழித்தோம் என்பது பிறகுதான் தெரிகிறது.

குறைந்த விலை டேப்லெட் வாங்கிய பலருக்கும் ஓர் ஆண்டுக்குள் இந்த நிலை வந்துவிடுகிறது. எண்ணூருக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்துச் சிறு விவசாயிகளுக்கு இது சின்ன விஷயம் அல்ல. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது கொசஸ்தலை ஆறு பெருகி, எண்ணூர் முகத்துவாரம் வரை வெள்ளக்காடாயிற்று. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வந்து, மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. அந்தப் புயலுக்குப் பிறகு, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமடைந்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு அறிவித்தது. கணக்கெடுக்க வருகிறவர் வந்து சேர்வதற்குள் தண்ணீர் வடிந்து போவது உண்டு. அப்போது தேதியோடு கூடிய படம் கையில் இருப்பவர் பேசுவதற்கும் இல்லாதவர் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

டேப்லெட்டின் இடப் பஞ்சத்துக்குக் கடைக்காரர் சொல்லும் மருந்து ஒன்றுதான்: மெமரி கார்டு. சுண்டு விரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. 15 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம். 64 ஜிபி கார்டு ஒரு மூட்டை டி.ஏ.பி. உரத்தைவிட மலிவு. மருந்து நல்ல மருந்துதான். ஆனால் கார்டு இடத்தைத்தான் கொடுக்கும், பாதுகாப்பைக் கொடுக்காது. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணியவர்களே ஏமாந்து நிற்கிறார்கள்.

இடம் எங்கே போயிற்று?

பெட்டியின் மேல் 32 ஜிபி என்று அச்சிட்டிருக்கும். அதில் ஆண்ட்ராய்டும், நிறுவனம் முன்கூட்டியே ஏற்றி வைத்த செயலிகளும் சேர்ந்து 10 முதல் 15 ஜிபி வரை பிடித்துக்கொள்வது சாதாரணம். குதிர் பெரியதுதான், வாங்கும்போதே பாதி நிரம்பியிருக்கிறது. மீதியில் ஒரு படம் சுமார் 3 அல்லது 4 எம்பி வீதம் சேர்கிறது. வீடியோ அதைவிடப் பெருந்தீனிக்காரன். நல்ல தெளிவில் பத்து நிமிடம் எடுத்தால் ஒரு ஜிபி போய்விடும். வாட்ஸ்அப் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவை கேட்காமலே உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்கின்றன. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் தானாக இறங்குவதை நிறுத்திவைத்தாலே பாதித் தொல்லை தீரும். இதற்குக் காசு செலவில்லை. கார்டு வாங்கும் முன் இதைச் செய்துவிடுவது நலம்.

மலிவு டேப்லெட்டும் மெமரி கார்டும் ஆரம்பத்திலிருந்தே ஒட்டிப் பிறந்தவை. 2011 அக்டோபரில் மத்திய அரசு மாணவர்களுக்காக ‘ஆகாஷ்’ என்ற டேப்லெட்டை வெளியிட்டபோது அதன் சேமிப்பு வெறும் 2 ஜிபி. கார்டு போட்டு 32 ஜிபி வரை கூட்டிக்கொள்ளலாம் என்று வழி வைத்திருந்தார்கள். உள்ளே குறைத்து, வெளியே கூட்டிக்கொள்ளச் சொல்வதுதான் அன்று முதல் விலையைக் குறைக்கும் வழி.

வாங்கும்போது

எல்லா டேப்லெட்டிலும் கார்டு போடும் இடம் இருப்பதில்லை. இருந்தாலும் ஓர் அளவுக்கு மேல் ஏற்காது. 32 ஜிபி வரை உள்ளவை ஒரு வகை, அதற்கு மேற்பட்டவை வேறு வகை. பழைய டேப்லெட்டுகள் பல, 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் படிக்கத் தெரியாமல் விழிக்கும். ஆகவே டேப்லெட் வந்த பெட்டியில் ‘மைக்ரோ எஸ்டி’ என்ற வரிக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போகவும். சில டேப்லெட்டுகளில் இரண்டாவது சிம் போடும் இடமும் கார்டு போடும் இடமும் ஒன்றே. கார்டு வேண்டுமானால் ஒரு சிம்மை விடவேண்டியதுதான்.

கார்டின் மேல் 10 என்ற எண் ஒரு வட்டத்துக்குள் இருந்தால், நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும் என்று பொருள். படமும் வீடியோவும் வைக்க இது போதும். செயலிகளையும் கார்டில் வைக்க நினைப்பவர்கள் ‘ஏ1’ என்ற முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும். 64 ஜிபி கார்டைப் போட்டதும் டேப்லெட் 59 என்று காட்டினால் கடைக்காரர் மேல் சந்தேகம் வேண்டாம். நிறுவனத்தார் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கருவி 1,024 வீதம் எண்ணுகிறது. அந்த வித்தியாசந்தான்.

உண்மையான மோசடி வேறு. அந்தக் காலத்து நெல் வியாபாரத்தில் அடித்தட்டை மேலே ஏற்றி வைத்த மரக்கால் ஒன்று உண்டு. வெளிப்பார்வைக்கு அளவு சரி, உள்ளே கொள்வது குறைவு. போலி மெமரி கார்டும் அதே மாதிரிதான். உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும். டேப்லெட்டிடம் மட்டும் 512 ஜிபி என்றும் ஆயிரம் ஜிபி என்றும் சொல்லும்படி செய்திருப்பார்கள். முதல் 8 ஜிபி வரை ஒழுங்காக வேலை செய்யும். அதன் பின் எழுதப்படுவது காற்றோடு போகும், அல்லது பழையதன் மேலேயே எழுதி அதையும் கெடுக்கும். படத்தின் பெயர் பட்டியலில் இருக்கும், திறந்தால் ஒன்றும் இராது. வாங்கி ஆறு மாதம் கழித்து, தேவைப்படும் நாளில்தான் குட்டு வெளிப்படும். ஆயிரம் ஜிபி கார்டு முந்நூறு ரூபாய் என்று யார் சொன்னாலும், அது செல்போன் விளம்பரமானாலும் நடைபாதைக் கடையானாலும், தொடவே வேண்டாம்.

கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறினால் திருவொற்றியூர், இராயபுரம் வழியாகக் கடற்கரை நிலையத்தில் இறங்கலாம். பக்கத்திலேயே, 1969-ல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக உண்டான பர்மா பஜார். போகிற வழியிலும் செல்போன் கடைகளுக்குக் குறைவில்லை. எந்தக் கடையில் வாங்கினாலும் ரசீது வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்த அன்றே சோதித்துவிட வேண்டும். சோதனை எளிது. ஒரு பெரிய வீடியோவைக் கார்டில் பல நகல்களாகப் போட்டுக்கொண்டே போய், கார்டு ஏறக்குறைய நிரம்பும் வரை விடவும். பிறகு முதலில் போட்டது, நடுவில் போட்டது, கடைசியில் போட்டது என்று நாலைந்தைத் திறந்து ஓடவிட்டுப் பார்க்கவும். எல்லாம் ஓடினால் கார்டு நல்லது. ஒன்று ஓடாவிட்டாலும் ரசீதோடு கடைக்குத் திரும்பவும். கணினி உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச நிரல் இந்த வேலையைத் தானே செய்து கணக்குச் சொல்லும். முளைப்புத் திறன் பார்க்காமல் விதை விதைக்கிறோமா? ஒரு சாயங்காலம் செலவானாலும் பரவாயில்லை.

டேப்லெட் கேட்கும் கேள்வி

கார்டைப் போடும் முன் டேப்லெட்டை அணைத்துவிடவும். தங்க நிறப் பட்டைகள் கீழ் நோக்கி இருப்பதே பெரும்பாலும் முறை. பக்கத்தில் வரைந்திருக்கும் படத்தையும் பார்த்துக்கொள்ளவும். போகாவிட்டால் அழுத்தக்கூடாது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்புக் காற்றும் நிலக்கரித் தூசும் அதிகம். அடிக்கடி கழற்றி மாட்டினால் அந்தச் சிறு துவாரத்துக்குள் தூசு சேரும்.

கார்டு போட்டதும் சில டேப்லெட்டுகள் ஒரு கேள்வி கேட்கும். கார்டைத் தனிச் சேமிப்பாக, அதாவது ‘போர்ட்டபிள்’ என்று வைப்பதா, அல்லது டேப்லெட்டின் உட்சேமிப்போடு ‘இன்டர்னல்’ என்று சேர்த்துவிடுவதா? 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் இந்த வசதி இருக்கிறது. பல நிறுவனங்கள் இதை எடுத்தும்விட்டன. கேள்வி சாதாரணமாகத் தோன்றும். விளைவு சாதாரணமல்ல.

உட்சேமிப்போடு சேர்த்தால் செயலிகளையும் கார்டில் வைக்கலாம், இடம் தாராளமாகத் தெரியும். ஆனால் அதற்காக டேப்லெட் அந்தக் கார்டிலுள்ள பழையதை எல்லாம் அழித்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அதன் பின் அந்தக் கார்டை வேறு டேப்லெட்டிலோ கணினியிலோ போட்டால் ஒன்றும் தெரியாது. டேப்லெட் தண்ணீரில் விழுந்து செத்துப்போனால் சாவியும் அதோடு போயிற்று. கார்டு கையில் இருந்தும் பயனில்லை.

தனிச் சேமிப்பாக வைத்த கார்டு அப்படியல்ல. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து டேப்லெட் ஒரு இரவு முழுக்க நீரில் கிடந்தாலும், கார்டு பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சேற்று நீரோ உப்பு நீரோ பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி, துணியால் ஒற்றி, நிழலில் ஒரு நாள் உலரவிட்டு, வேறு கருவியில் போட்டுப் பார்க்கலாம். வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்கவேண்டாம். வெள்ளம் வரும் ஊர்க்காரர்கள் தனிச் சேமிப்பாக வைத்துக்கொள்வதே சரி. செயலிக்கு இடம் போதாவிட்டால், பயன்படாத செயலிகளை நீக்கிக்கொள்ளலாம்.

தனிச் சேமிப்பிலும் ஒரு குறை உண்டு. அதற்குப் பூட்டு இல்லை. கார்டு யார் கையில் கிடைத்தாலும் ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புத்தகப் படமும் திறந்துகொள்ளும். டேப்லெட்டைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போது கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுக்கவும்.

எதை எங்கே வைப்பது

கேமராவின் செட்டிங்ஸில் படங்கள் கார்டுக்கே போகும்படி மாற்றிவிடலாம். 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய 15,000 படங்கள் கொள்ளும். வாட்ஸ்அப் நேராகக் கார்டில் சேமிப்பதில்லை. மாதம் ஒரு முறை நாமே தேவையானதை எடுத்து மாற்றவேண்டும். அப்படி மாற்றும்போது முதலில் நகல் எடுத்து, கார்டில் திறந்து பார்த்து, பிறகே உள்ளே இருப்பதை அழிக்கவும்.

வைத்திருப்பவை எல்லாம் ஒரே மதிப்புள்ளவை அல்ல. பட்டா, சிட்டா தொலைந்தால் அரசின் இணையதளத்தில் மறுபடி எடுக்கலாம். 2018-ல் தொடங்கிய உழவன் செயலியில் உள்ள விவரங்கள் மறுபடி இறங்கும். பாடல், சினிமா போனால் போகட்டும். ஆனால் தண்ணீர் நின்ற வயலின் படமோ, புகையான் தாக்கிய பயிரின் படமோ, இன்ன தேதியில் இன்னாரிடம் நெல் போட்டதற்கான கைச்சீட்டின் படமோ திரும்ப எடுக்க முடியாது. இந்த இரண்டாவது வகைக்கு எப்போதும் இரண்டு இடம் வேண்டும். ஒன்று கார்டு. மற்றொன்று மகன் அல்லது மகளின் செல்போனாகவோ, கூகுள் கணக்கில் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடமாகவோ இருக்கலாம்.

இங்கே பலர் அறியாத ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில், எடுத்த தேதியும் இடமும் பற்றிய உள்குறிப்பு நீங்கிவிடுகிறது, படமும் சுருங்கிவிடுகிறது. உறவினருக்கு அனுப்பி வைத்திருக்கிறோமே என்று மூலப் படத்தை அழித்துவிடக்கூடாது. அதே வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’ என்ற முறையில் அனுப்பினால் படம் அப்படியே போய்ச் சேரும். பயிர்க் காப்பீட்டில் சிலவகைச் சேதங்களை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்று விதி இருப்பதால், மூலப் படத்தில் உள்ள தேதியும் நேரமும் உதவும்.

கார்டும் தேயும்

மெமரி கார்டு எழுத எழுதத் தேய்கிற பொருள். படங்கள் பாதி வரை தெரிந்து மீதி சாம்பல் நிறமாக வருவதும், அழித்த படங்கள் டேப்லெட்டை அணைத்துப் போட்டதும் திரும்பி வந்து நிற்பதும் அதன் அந்திமக் காலத்து அறிகுறிகள். அப்போதே உள்ளதை எல்லாம் வேறிடத்துக்கு எடுத்துவிட வேண்டும். ‘ஃபார்மட் செய்யவா’ என்று டேப்லெட் கேட்டால் சரி என்று அழுத்திவிடக்கூடாது. சரி என்றால் இருப்பதையும் துடைத்துவிடும். கார்டைக் கழற்றி, கணினியில் போட்டுப் படிக்கிறதா என்று பார்க்கவும். பல சமயம் டேப்லெட்டில் படிக்காத கார்டு கணினியில் படிக்கும்.

அதைக் கடையில் கொடுத்துப் புதியது மாற்ற நினைப்பவர்கள் உத்தரவாதக் காலம் இருக்கிறதா என்று ரசீதைப் பார்க்கவும். காலம் கடந்திருந்தால் பழைய கார்டைக் குப்பையில் அப்படியே போடாமல், கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டிவிட்டுப் போடவும்.