சுருவன் எதைக் கிணுக்கினான்?

‘நேற்று மாலை சுருவன் பெருங்கொளையில் ஒரு தெம்பாவைக் கிணுக்கினான்.’ இதைப் படித்துவிட்டு விடை எழுதுங்கள். கிணுக்கியது யார்? எதைக் கிணுக்கினான்? எங்கே? எப்போது? நாலுக்கு நாலு வாங்கிவிடுவீர்கள். ஆனால் தெம்பா என்பது பழமா பாத்திரமா, கிணுக்கினால் அது உடையுமா வேகுமா என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வகுப்புக்காக நானே கட்டிய சொற்கள் அவை.

ஆங்கில வினாத்தாளில் ‘பேசேஜ்’ கேள்விக்கு நம் பிள்ளைகள் பலர் மதிப்பெண் வாங்குவது இந்த வித்தையால்தான். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடு, அகப்பட்ட வரியை அப்படியே எழுது. திருத்துகிறவரும் அந்த வரியைத்தான் தேடுகிறார். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற நான், புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் உட்கார்ந்திருக்கிறேன். வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தானே கற்றுக்கொள்ள வரும் அம்மாக்கள் என்று கலவையான கூட்டம். பெரும்பாலோர் பிளஸ் டூ வரை ஆங்கிலம் படித்தவர்கள். ஒரு பக்கத்தைப் படித்து அதில் என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னால் மட்டும் திணறிப்போகிறார்கள்.

அவர்களில் ஒரு செவிலியர். பிரிட்டனுக்கு வேலைக்குப் போக ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குத் தயாராகிறவர். அதன் வாசிப்புப் பகுதியில் மூன்று நீண்ட கட்டுரைகள், 40 கேள்விகள், 60 நிமிடம். வாயில் நுழையாத மருத்துவச் சொற்கள் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒருநாள் ‘த பேஷன்ட் குட் ஹார்ட்லி ப்ரீத்’ என்று ஒரு வரி வந்தது. என்னம்மா புரிந்தது என்றேன். “நோயாளி பலமா மூச்சு விட்டார் மிஸ்” என்றார். ‘ஹார்ட்’ என்றால் கடுமையாக, ‘லி’ சேர்ந்தாலும் அதேதானே என்பது அவர் கணக்கு. மூச்சு விடவே திணறிக் கிடந்த ஆளை அந்தக் கணக்கு எழுப்பி உட்கார வைத்துவிட்டது. படுக்கையருகே வைக்கும் குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்தால் என்ன ஆகும் என்பதை அவரே சொல்லிக்கொண்டார்.

அகராதியைத் தூக்கவைக்கும் பெரிய சொற்களை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அவை தெரியாது என்பது படிக்கிறவருக்கே தெரியும், நின்று பார்த்துக்கொள்வார். தெரிந்த முகத்தோடு வந்து பொருளைத் தலைகீழாக்கும் ‘ஹார்ட்லி’, ‘பேர்லி’, ‘அன்லெஸ்’, ‘ரேதர் தேன்’ போன்றவைதான் ஆபத்து. இன்னொரு கூட்டமும் உண்டு. ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்’ என்ற வரியைப் படித்ததும் எங்கள் மேசையில் பையன்கள் எல்லோரும் சிரித்தார்கள். சர்க்கரை தீர்ந்துபோன வீட்டில் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது கிரிக்கெட் மைதானம். ‘ரன்’, ‘கெட்’, ‘டேக்’, ‘புட்’ நான்கும் கூட்டாளியை மாற்றினால் குணம் மாறும். இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண். பத்து விதமான வாக்கியங்களில் பத்து முறை பார்த்துத்தான் பழக வேண்டும்.

பார்ப்பதற்குத் தோதான பக்கம் எது? 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் நியூசிலாந்தின் பால் நேஷனும் அவரோடு ஹூ என்பவரும் நான் சுருவனை வைத்துச் செய்த காரியத்தை முறையாகச் செய்தார்கள். ஒரு கதையில் சில சொற்களை எடுத்துவிட்டு அர்த்தமில்லாத சொற்களை நட்டுவைத்தார்கள். நூற்றுக்கு இருபது சொற்கள் புரியாத வடிவத்தைப் படித்தவர்களில் ஒருவருக்கும் கதை போதுமான அளவு பிடிபடவில்லை. நூற்றுக்கு ஐந்து புரியாதபோதும் பலர் தடுமாறினார்கள். துணையில்லாமல் நிம்மதியாகப் படிக்க நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். 250 சொல் உள்ள ஒரு பக்கத்தில் புதுச் சொல் ஐந்துதான் இருக்கலாம். பக்கத்தைப் படித்துக்கொண்டே புரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள். ஐந்தைத் தாண்டினால் அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடலாம்.

நம் ஊரில் கொடுக்கும் யோசனை இதற்கு நேர் எதிர். ‘இங்கிலீஷ் வரணுமா, தினம் ஹிந்து பேப்பர் படி.’ அந்தப் பேப்பரின் தலையங்கம் ஆங்கிலம் வந்தவர்களுக்கு எழுதப்பட்டது. புதிதாகப் பழகுகிறவர் அதில் வரிக்கு மூன்று சொல்லைக் கோடிட்டு, மூன்றாம் நாள் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறார். அகராதியைப் பிரிக்கும் வேலையும் படிக்கும் வேலையும் ஒன்றல்ல.

இதை உணர்ந்து பாடப்புத்தகத்தையே திருத்தி எழுதியவர் நூறு ஆண்டுகளுக்கு முன் டாக்காவில் இருந்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட். வங்காளப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பாடநூல்களில் அரிய சொற்கள் மூச்சுமுட்ட வருவதைக் கண்டார். அவற்றை நீக்கிப் புழக்கத்தில் உள்ள சொற்களை வைத்தார். ஒரு புதுச் சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே நிறைய இடம் விட்டார். வந்த சொல் திரும்பத் திரும்ப வரும்படி பார்த்துக்கொண்டார். 1926-இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு வாதம் உண்டு. பாதியில் பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைக்கு அதுவரை கற்றதில் கையில் என்ன மிஞ்சும்? அதை அவர் ‘சரண்டர் வேல்யூ’ என்றார். எல்ஐசி பாலிசி எடுத்த எந்தக் குடும்பத்துக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அரைகுறையாகக் கற்ற பேச்சை விட, அரைகுறையாகக் கற்ற வாசிப்புக்கு மதிப்பு அதிகம் என்பது அவர் கட்சி. எல்லோரும் ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ பலகையின் கீழ் வரிசையில் நிற்கும் காலத்தில் இதைச் சொன்னால் எடுபடாது. நான் அந்தக் கட்சிதான். 1953-இல் வெஸ்ட் தொகுத்த சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை இன்றும் பாடநூல் எழுதுகிறவர்கள் புரட்டுகிறார்கள்.

சொல் தெரிந்தும் வாக்கியம் பிடிபடாத இடம் ஒன்று இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். அதுவரை காத்திருந்து பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் ‘ஹூ’, ‘விச்’ என்று ஒரு நீளமான கிளை புகுந்துவிடும். நாம் ‘நேற்று வந்த டாக்டர்’ என்று பெயருக்கு முன்னே வைப்பதை அவர்கள் பின்னே தொங்கவிடுவார்கள். அதனால் நீண்ட வாக்கியம் வந்தால் முதலில் முதன்மை வினையைப் பிடித்துப் பென்சிலால் வட்டமிடு, பிறகு அதைச் செய்தது யார் என்று கேள் என்பேன். செவிலியருக்கு இந்த ஒரு பழக்கத்தால் வேகம் கூடியது. ‘நாட் கிவன்’ (கட்டுரையில் சொல்லப்படவில்லை) என்று குறிக்க வேண்டிய கேள்விகள்தான் இன்னும் படுத்துகின்றன. கட்டுரையில் சொல்லப்படாததை, தன் வார்டு அனுபவத்தில் அறிந்ததால் ‘ட்ரூ’ என்று குறித்துவிடுகிறார்.

கற்ற சொல்லைத் தக்கவைக்க 1972-இல் ஜெர்மானியப் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் பிரபலமாக்கிய பெட்டி முறையை நம்புகிறேன். எங்கள் மேசையில் அது அறை அறையாகத் தடுத்த ஸ்வீட் பெட்டி. சீட்டின் ஒரு பக்கம் சொல், சந்தித்த முழு வாக்கியத்தோடு. மறுபக்கம் தமிழ்ப் பொருள். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும், கடைசி அறையை எப்போதாவதும் பார்த்தால் போதும்.

“சின்னப் பிள்ளைக் கதைப் புத்தகத்தைப் படிச்சா மார்க் வருமா மேடம்?” என்று அப்பாக்கள் கேட்பார்கள். பிஜித் தீவைச் சொல்வேன், பாரதி பாடிய கரும்புத் தோட்டங்களின் அதே பிஜி. அங்கே கிராமத் தொடக்கப் பள்ளிகளில் எலி, மங்குபாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு வழக்கமான வேகத்தைப்போல் இரண்டு மடங்கு முன்னேறியது. முடிவு 1983-இல் அச்சில் வந்தது.

எங்கள் நூலகத்தில் அத்தனை புத்தகம் இல்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தைக் கைப்பேசியில் திறந்து கொடுக்கிறேன். இலவசம், கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிந்திருக்கும், பல கதைகள் தமிழிலும் உண்டு. முதலில் ஆங்கிலம், சந்தேகத்துக்கு மட்டும் தமிழ். பட்டதாரிகளையும் இரண்டாம் நிலையில்தான் தொடங்கச் சொல்கிறேன். யானைப் படத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை மூன்றாம் நிலை எங்கே மிஸ் என்று கேட்பவர்களும் அவர்களேதான்.