இடம் மாறும் இலக்கங்கள்

ஒன்றைவிடப் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணைப் பகா எண் என்கிறோம். அவற்றுள் சில, இலக்கங்களை எவ்வாறு மாற்றி அடுக்கினும் பகா எண்ணாகவே நிற்கும். 113, 131, 311 ஆகிய மூன்றும் பகா எண்களே. 199, 919, 991 என்பனவும் அவ்வாறே. ஒன்றுக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட இத்தகைய எண்ணில் 1, 3, 7, 9 மட்டுமே இடம்பெற இயலும். இரட்டை இலக்கமோ 5-ஓ இறுதிக்கு வந்தால் அவ்வெண் வகுபட்டுவிடும்.

991-ஐ அடுத்து வரும் இத்தகைய எண், பத்தொன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதக் கிடைப்பதாகும். நரகக் காவலர் பத்தொன்பது என்னும் திருமறைக் குறிப்பை (74:30) அறிந்தோர் உள்ளம் இங்கே துள்ளக்கூடும். சற்றுப் பொறுப்போம். 19-ஐத் திருப்பினால் வரும் 91, பகா எண் அன்று. அது 7, 13 ஆகியவற்றின் பெருக்கற்பலன்.

பகாத்தன்மை எண்ணுக்கு உரியது. இலக்க வரிசையோ எழுதும் முறைக்கு உரியது. 17-ஐத் திருப்பினால் 71, பகா எண். பத்துக்குப் பதில் எட்டை அடிமானமாகக் கொண்டால் அதே 17, இரண்டு எட்டும் ஒன்றுமாக 21 என எழுதப்படும். திருப்பினால் 12, ஓர் எட்டும் இரண்டும் சேர்ந்த பத்து அது, பகா எண் அன்று.

நம் பதின்ம இலக்கமுறை இந்தியாவில் தோன்றியது. பக்தாதில் 9-ஆம் நூற்றாண்டில் அதை விளக்கி நூல் எழுதினார் அல்குவாரிஸ்மி. திருமறை அருளப்பட்ட காலத்து அரபு மக்கள் அவ்வாறு எண்களை எழுதவில்லை. ஆகவே, இலக்கங்களை ஒட்டியும் திருப்பியும் காட்டப்படும் பொருத்தங்களை ஈமானுக்குச் சான்றாக்குவது முறையன்று. கணிதத்தின் அழகைக் கணிதமாகவே சுவைப்போம். திருமறையை அதன் பொருளுணர்ந்து ஓதுவோம்.