கல்லும் கரிமண்ணும்: சதர்லாந்து உழவர்களின் கதை

ஸ்கொட்லாந்தின் வட அந்தத்தில் சதர்லாந்து என்றொரு பிரதேசம் உள்ளது. 1975 வரை தனி மாவட்டமாக இருந்த இது, இன்று ஹைலண்ட் நிர்வாகப் பிரிவில் அடங்குகிறது. ஓர்க்னித் தீவுகளில் வாழ்ந்த நோர்ஸ் மக்களுக்கு இது தெற்கே இருந்தமையால் 'தென்னிலம்' எனப் பொருள்படும் இப்பெயர் ஏற்பட்டது. பரப்பளவு 2,000 சதுர மைலுக்கு மேல். ஆனால் குடிசனமோ ஏறத்தாழ 13,000 மட்டுமே.

மேற்கே உலகின் மிகப் பழைய பாறைகளுட் சில வெளியே தெரிகின்றன. 927 மீற்றர் உயரமான பென் ஹோப் மலையும் இங்கேதான் உள்ளது. கிழக்கே, பாசியும் புல்லும் நீரில் ஊறி மக்கிய கரிமண் சதுப்பு பரந்து கிடக்கிறது. இச்சதுப்பு நிலப்பரப்பை யுனெஸ்கோ 2024இல் உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. மக்கள் இக்கரிமண்ணை வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தனர்.

பழைய சீவியம்

உழக்கூடிய நிலம் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலேயே இருந்தது. அங்கே ஓட்சும் பார்லியும், பின்னாளில் உருளைக்கிழங்கும் பயிரிட்டனர். நல்ல நிலமும் கூடாத நிலமும் எல்லோருக்கும் கிடைக்கும்படி காணியைத் துண்டுகளாகப் பங்கிட்டனர். கோடையில் பெண்களும் பிள்ளைகளும் மாடுகளுடன் மலைமேய்ச்சலுக்குச் சென்று, சிறு குடில்களில் தங்கி வெண்ணெயும் பாற்கட்டியும் செய்தனர். தானியம் வீட்டுச் சாப்பாட்டிற்கு. குத்தகைக் காசு கறுப்பு மாடு விற்ற பணத்தில். மாடுகளை வாங்கிய வியாபாரிகள் அவற்றை நடத்தியே தெற்குச் சந்தைகளுக்குக் கொண்டுசென்றனர்.

குடியெழுப்பல்

தலைமுறைகளாக உழுதும் இவர்களிடம் காணி உறுதி இருக்கவில்லை. நிலம் சதர்லாந்துச் சீமாட்டி எலிசபெத்துக்குச் சொந்தமாயிருந்தது. செம்மறிப் பண்ணைக்காரர் கூடிய குத்தகை தர முன்வந்ததால், 1807 முதல் 1821 வரை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எழுப்பப்பட்டன. 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகள் எரிக்கப்பட்டன. மரம் அரிதான அந்நாட்டில் கூரைமரம் எரிந்தால் திரும்பி வந்து வீடு கட்டுவது கடினம். தோட்ட நிர்வாகியான பற்றிக் செலர்மீது 1816இல் வழக்கு நடந்தது, அவர் விடுதலையானார். 1819இல் இன்னும் பெரிய அளவில் மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

அவர்களுக்குக் கடற்கரையில் சிறு துண்டுக் காணிகள் கொடுக்கப்பட்டன. அதில் மட்டும் சீவிக்க முடியாது, மீன்பிடிக்குப் போகவேண்டும் என்பதே நிர்வாகத்தின் எண்ணம். மாடு வளர்த்தவர்கள் வலையிழுக்கப் பழகினர். பலர் கனடாவுக்குக் கப்பலேறினர். நின்றவர்கள் கல்பொறுக்கி, கடற்பாசியைப் பசளையாக இட்டுத் தரிசைத் தோட்டமாக்கினர். 'கிறொவ்ற்' எனப்படும் சிறுகாணி முறை இவ்வாறே இப்பகுதியில் வேரூன்றியது.

உரிமை வந்த வழி

ஹைலண்ட் பகுதி முழுவதும் குத்தகை மறுப்பும் கிளர்ச்சியும் எழுந்ததால், 1883இல் அரசு விசாரணைக்குழு ஒன்றை நியமித்தது. அது ஊரூராகச் சென்று குடியானவர்களின் வாய்மொழியைக் கேட்டுப் பதிந்தது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் நிலையான குடியிருப்பு உரிமை, நியாயமான குத்தகை, செய்த திருத்தத்திற்கு நட்டஈடு, காணியை வாரிசுக்கு விடும் உரிமை ஆகியவற்றை வழங்கியது. ஆனால் பறிபோன பள்ளத்தாக்குகளை அது மீட்டுக் கொடுக்கவில்லை.

மேற்கே அசிண்ட் என்னுமிடத்தில் பெருந்தோட்டமொன்று 1992இல் விற்பனைக்கு வந்தது. அதைத் துண்டுதுண்டாக விற்கவே எண்ணியிருந்தனர். சிறுகாணிக்காரர் ஒன்றுகூடி நம்பிக்கைப் பொறுப்பு அமைப்பொன்றை உருவாக்கி, நிதி திரட்டி, 1993இல் 21,000 ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தைச் சுமார் 3 இலட்சம் பவுணுக்கு வாங்கினர். 2003இல் இயற்றப்பட்ட காணிச் சீர்திருத்தச் சட்டம், சிறுகாணிச் சமூகங்கள் தாம் வாழும் நிலத்தை வாங்கும் உரிமையை வழங்கியது.

வீடு எரிந்த காலத்திலிருந்து 1886ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஏழு தசாப்தங்கள் சென்றன. எரித்தவர் தண்டனை பெறவில்லை. பழைய பள்ளத்தாக்குகளின் பெரும்பகுதி திரும்பவுமில்லை. எனினும் எங்கே வாழ்ந்தோம், எவ்வாறு எழுப்பப்பட்டோம் என்பதைப் பெரியோர் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தனர். விசாரணைக்குழு வந்து கேட்டபோது, ஊர் ஊராக எடுத்துரைக்க அவர்களிடம் அந்த நினைவு இருந்தது.