ரிப்போர்ட் நார்மல், வயிறு நார்மல் இல்லை



நம் மஹல்லாவில் ஒரு சகோதரர் இருக்கிறார். ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும் முன்பே வந்து முதல் ஸஃப்பில் உட்காருபவர். சில மாதங்களாக அவரைப் பள்ளிவாசல் பக்கமே காணவில்லை. கணக்கு வாசித்த கூட்டத்தில் ஏற்பட்ட பேச்சில் மனம் வருந்திவிட்டார் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். வேறு பள்ளிக்குப் போகிறார் என்றும் ஒருவர் சொன்னார். கடைசியில் எங்களில் இருவர் அவர் வீட்டுக்கே போனோம். அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாய், குத்பா முடியதுக்குள்ள ரெண்டு தடவ போவ வேண்டியிருக்கு. எல்லாரையும் தாண்டி எந்திச்சுப் போனா என்ன நினைப்பாங்க? அதான் வீட்டுலயே தொழுதுக்கிடுதேன்."

விசாரிக்காமல் நாங்கள் போட்ட கணக்கு முழுவதும் தப்பு. அவருடைய அனுமதியோடு, பெயர் இல்லாமல், அவர் கதையை இங்கே எழுதுகிறோம். அவர் ஒருவருக்கு மட்டும் உள்ள தொல்லை இது அல்ல என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையையும், தாமிரபரணி நம் பக்கம் ஏறி வந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். வெள்ளம் வடிந்த அந்த வாரத்தில் அவருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. காய்ச்சல் நின்றது. வயிறு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சாப்பிட்டவுடன் வலி, உடனே ஓட வேண்டிய அவசரம், போய் வந்தால் கொஞ்சம் ஆறுதல், அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே. மெடிக்கலில் 'அமீபா' என்று சொல்லி மெட்ரானிடசோல் மாத்திரையைப் பலமுறை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். தொக்கம் எடுத்தார். ஓதிய தண்ணீர் குடித்தார். பிறகு இரண்டு ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி. இரண்டாவது ஸ்கேனுக்கு நம் டிரஸ்ட்தான் மருத்துவ உதவி நிதியில் பணம் கொடுத்தது. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். ஒரு மருத்துவர், "உங்களுக்கு ஒண்ணுமில்லை, போங்க" என்று அனுப்பிவிட்டார். "ஒண்ணுமில்லைன்னா ஏன் பாய் வலிக்கு?" என்று அவர் எங்களைக் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

பதில் இருக்கிறது. இந்தத் தொல்லைக்கு மருத்துவத்தில் ஐ.பி.எஸ். என்று பெயர். காவல்துறை ஐ.பி.எஸ். அல்ல. எரிச்சலுறு குடல் நோய் என்று தமிழில் எழுதுகிறார்கள். குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. அதனால்தான் ஸ்கேனில் ஒன்றும் தெரிவதில்லை. கெட்டிருப்பது குடலின் அசைவும் அதன் உணர்வு நரம்புகளும். 1973லேயே ஓர் ஆய்வில், குடலுக்குள் சிறிய பலூனை வைத்துக் காற்றை ஏற்றிப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு வலிக்காத அளவு காற்றுக்கே இந்த நோயாளிகளில் பலருக்கு வலித்தது. நடிப்பும் இல்லை, மனப்பிரமையும் இல்லை. குடலுக்கும் மூளைக்கும் இடையில் ஓயாமல் செய்தி போய் வருகிறது. அந்தப் பாதையில் சத்தம் கூடிப்போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை, பயணம், வீட்டுக் கவலை என்று வந்தால் வயிறு கலங்குவது எல்லோருக்கும் உள்ளதுதான். இவர்களுக்கு அது பல மடங்கு.

வெள்ளத்துக்குப் பிறகு தொடங்கியது தற்செயல்தானா? இருக்க வேண்டியதில்லை. கனடாவில் வாக்கர்ட்டன் என்று ஒரு சிற்றூர். 2000 மே மாதம் பெருமழையில் மாட்டுச் சாணம் ஊர்க் கிணற்று நீரில் கலந்து, ஏழு பேர் இறந்தனர், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அந்த ஊர் மக்களை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்தும், அப்போது வயிற்றுப்போக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு ஐ.பி.எஸ். இருந்தது. வராதவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குத்தான். கிருமி போய்விடுகிறது, குடல் அதை மறப்பதில்லை. எனவே வெள்ளக் காலத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அந்த ஒரு வாரத்துக்காக மட்டும் அல்ல.

எல்லாருக்கும் இப்படித்தான் தொடங்கும் என்பதில்லை. சிலருக்குக் காரணமே தெரிவதில்லை. சிலருக்குப் போக்கு, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி. 33 நாடுகளில் நடந்து 2021இல் வெளியான பெரிய ஆய்வின்படி நூற்றுக்கு சுமார் 4 பேருக்கு இது இருக்கிறது. ஜும்ஆவில் 500 பேர் கூடினால் 20 பேர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பெண்கள் இதை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. வெளியூர்க் கல்யாணத்துக்கு வர மறுக்கும் பெரியம்மா, பஸ் ஏறும் நாளில் காலையிலிருந்து பட்டினி கிடக்கும் மகள், இவர்களைக் கொஞ்சம் கனிவோடு விசாரித்துப் பாருங்கள்.

வாரத்தில் சராசரியாக ஒரு நாளாவது வயிற்று வலி, அது மூன்று மாதமாகத் தொடர்வது, மலம் கழிப்பதோடு அந்த வலிக்குத் தொடர்பு, மலத்தின் தன்மையில் மாற்றம், எண்ணிக்கையில் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருப்பது, தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருப்பது. இவற்றை வைத்துத்தான் மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். ரத்தம், தைராய்டு, மலம் என்று சில எளிய பரிசோதனைகள் போதுமானதாக இருக்கும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், அல்லது 50 வயதை ஒட்டி முதல்முறையாக இந்தத் தொல்லை தொடங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று நீங்களே பெயர் வைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அன்றே ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அவர்களுக்குத்தான் ஸ்கேனும் கொலோனோஸ்கோப்பியும் அவசியம்.

இனி சாப்பாடு. சகோதரரோடு உட்கார்ந்து நாங்கள் அதிகம் பேசியது இதைத்தான். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்த ஓர் உணவுமுறை இன்று உலகெங்கும் சொல்லப்படுகிறது. சில வகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் முழுவதும் உறிஞ்சப்படாமல் கீழே போகின்றன. அவை தண்ணீரை இழுக்கின்றன, பெருங்குடலில் புளித்து வாயுவாகின்றன. எல்லார் வயிற்றிலும் இது நடக்கிறது. மற்றவர்களுக்கு வெறும் வாயு, இவர்களுக்கு வலி. அந்தச் சர்க்கரைகள் எதில் அதிகம் என்று பார்த்தால் நம் அடுக்களையே முன்னால் வந்து நிற்கிறது: வெங்காயம், பூண்டு, கோதுமை, மைதா, கொண்டைக்கடலை, பால், மாம்பழம். சாயங்காலம் பரோட்டாவும் சால்னாவும், மத்தியானம் பூண்டும் சின்ன வெங்காயமும் போட்ட சொதி, இடையில் ஐந்து பால் டீ என்று ஓடிய வயிறு அவருடையது.

பயந்துவிட வேண்டாம், சொதியை ஆயுளுக்கும் விடச் சொல்லவில்லை. நான்கு முதல் ஆறு வாரம் வரை இவற்றை நிறுத்திப் பார்க்க வேண்டும். வயிறு அமைதியானால், ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, மூன்று நாள் கவனிக்க வேண்டும். எது ஒத்துக்கொள்கிறது, எது இல்லை என்று அவரவர் வயிறே சொல்லிவிடும். ஆறு வாரத்திலும் பலன் இல்லையென்றால் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடலாம். வீணாகப் பட்டினி கிடந்து இளைத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். சோறு, இடியாப்பம், மீன், முட்டை, கோழி, உருளைக்கிழங்கு, கேரட், கத்திரிக்காய் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். பூண்டு வாசனை இல்லாமல் சாப்பாடு இறங்காது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பூண்டை எண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளியுங்கள். தொல்லை தரும் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நம் சகோதரருக்குப் பால்தான் பெரிய எதிரியாக இருந்தது. பூண்டு அவரை ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வீட்டில் நேர்மாறாக இருக்கலாம்.

நார்ச்சத்து நல்லது என்று கேள்விப்பட்டுக் கோதுமைத் தவிட்டைச் சாப்பிடுபவர்கள் உண்டு. நெதர்லாந்தில் 275 பேரிடம் 12 வாரம் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். இசப்கோல் உமி பலன் தந்தது. தவிட்டால் பெரிய பலன் இல்லை, தொல்லை கூடிப் பலர் பாதியிலேயே விலகினார்கள். இசப்கோலைச் சிறிய அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு உடனே குடித்துவிட வேண்டும், இல்லையென்றால் தொண்டையில் அடைக்கும்.

மருந்துகள் இருக்கின்றன. குடல் பிடிப்பைத் தளர்த்துபவை, புதினா எண்ணெய் காப்ஸ்யூல் (உறை ஜெலட்டினா என்று கேட்டு வாங்குங்கள்), போக்கை நிறுத்துபவை. இவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சகோதரருக்குக் குடல்நோய் மருத்துவர் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை மிகக் குறைந்த அளவில் எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடையில் யாரோ "இது மனநோய் மாத்திரையாச்சே" என்று சொல்ல, வீட்டுக்கு வரும் வழியிலேயே அதை எறிந்துவிட்டார். அந்த மருந்து அதிக அளவில் மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படுவது உண்மை. குறைந்த அளவில் அது குடல் நரம்பின் சத்தத்தைக் குறைக்கிறது. இங்கிலாந்தில் 463 பேரிடம் ஆறு மாதம் சோதித்துப் பார்த்து, வெறும் மாத்திரையைவிட நல்ல பலன் தருகிறது என்று 2023இல் வெளியிட்டார்கள். தூக்கமும் வாய் வறட்சியும் வரலாம். இதய நோயாளிகளும் முதியவர்களும் கவனமாக இருக்க வேண்டும், யாரும் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஆனால் மருத்துவர் எழுதியதை வெட்கத்தால் எறிய வேண்டாம். அப்படியே மனக்கவலைக்கு மருந்து சாப்பிட்டாலும் அதில் என்ன வெட்கம்? ஓதிப் பார்ப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை, துஆ நம் ஆயுதம். மருந்து தேடுவதும் நபி (ஸல்) அவர்கள் ஏவியதுதானே. ஃபஜ்ருக்குப் பிறகு அரை மணி நேரம் நடப்பதும் பலருக்குக் குடலைச் சீராக்குகிறது.

இனி அவரை வீட்டோடு முடக்கிய விஷயத்துக்கு வருவோம். மலஜலத்தை அடக்கிக்கொண்டு தொழக் கூடாது என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. ஆகவே அவசரம் வந்தால் ஸஃப்பை விட்டு எழுந்து போவது மார்க்கத்தை மதிப்பதுதான். திரும்பிப் பார்த்து முகம் சுளிப்பவர்தான் வெட்கப்பட வேண்டும். வயிற்றில் வெறும் சத்தம் கேட்பதால் உளூ முறியாது. வாயு பிரிந்தது உறுதியாகும்வரை தொழுகையை விட வேண்டாம் என்பதும் ஹதீஸின் வழிகாட்டல்தான். பலர் இந்தச் சந்தேகத்திலேயே ஒரு நேரத் தொழுகைக்கு ஐந்து முறை உளூச் செய்து களைத்துப்போகிறார்கள். உண்மையிலேயே உளூ நிற்காத நிலை உள்ளவருக்கு ஃபிக்ஹில் சலுகை உண்டு. நேரம் வந்த பிறகு உளூச் செய்து தொழுதுகொள்ளலாம், இடையில் முறிந்தாலும் குற்றமில்லை. ஆனால் யார் அந்த நிலையில் இருக்கிறார், ஓர் உளூ எத்தனை பர்ளுக்கு என்பதில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளில் வித்தியாசம் இருக்கிறது. இமாமிடம் தனியாகக் கேளுங்கள். ஜும்ஆவுக்கு வர இயலாத அளவு கடுமையாக இருக்கும் நாளில் வீட்டில் லுஹர் தொழுவதற்கும் அனுமதி இருக்கிறது. அது அன்றைய நாளுக்கான சலுகை. மாதக்கணக்கில் தனிமையில் கிடப்பதற்காக அல்ல.

ரமலானைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். பகலில் வயிறு காலியாக இருப்பது சிலருக்கு நிம்மதியே தருகிறது. சங்கடம் இஃப்தாரில் வருகிறது. வடை, சமோசா, பூண்டும் பருப்பும் போட்ட நோன்புக் கஞ்சி எல்லாம் பத்து நிமிடத்தில் உள்ளே போனால் எந்த வயிறும் முரண்டுபிடிக்கும். பேரீச்சம்பழம் ஒன்றே போதும், அதுவும் ஒற்றைப்படைதான். இஞ்சி, சீரகம் போட்டு வீட்டிலேயே கஞ்சி வைக்கலாம். பெரிய சாப்பாட்டை மஃரிப் தொழுதுவிட்டு நிதானமாகச் சாப்பிடுங்கள். மாத்திரை நேரத்தை சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்று ஷஃபானிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நோன்பு உடலைக் கெடுக்கும் என்று மருத்துவர் சொன்னால், பிறகு களாச் செய்ய அல்லாஹ் அனுமதி தந்திருக்கிறான்.

நிர்வாகம் எடுத்த சில முடிவுகளையும் சொல்லிவிடுகிறோம். பள்ளியில் ஹவுள் பக்கத்துக் கதவை ஒட்டி, கடைசி ஸஃப்பின் ஓரத்தில் நான்கு இடங்கள் ஜும்ஆவில் காலியாக விடப்படும். யார் உட்கார்ந்தாலும் காரணம் கேட்கப்பட மாட்டாது. ஜும்ஆ நேரத்தில் கழிப்பறைக்கு யாரும் பூட்டுப் போடக் கூடாது. மருத்துவ உதவி நிதியில் இரண்டாம் முறை ஸ்கேன், எண்டோஸ்கோப்பிக்கு விண்ணப்பிப்பவர்கள் மருத்துவரின் சீட்டை இணைக்க வேண்டும். உதவியை மறுப்பதற்காக அல்ல, ஜகாத் பணம் தேவையற்ற பரிசோதனையில் போய், தேவையான மருந்துக்கு இல்லாமல் போகக் கூடாது என்பதற்காக. சாப்பிட்டதையும் வயிற்றின் நிலையையும் தினமும் எழுதிவைக்கக் கோடு போட்ட நோட்டுகள் அலுவலகத்தில் அஸருக்குப் பிறகு கிடைக்கும். மூன்று வாரம் எழுதிய நோட்டோடு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். பெண்கள் மதரஸா ஆலிமாவிடம் வாங்கிக்கொள்ளலாம். பெயர் பதிவு கிடையாது.

வஸ்ஸலாம்.
செயலாளர்