விரைவுப் படகும் பின்னுந்து கருவியும்

இயந்திரம் படகினுள்ளே, சுழல்விசிறி பின்புறத்து நீரிலே. இவ்விரண்டையும் இணைப்பது பின்னுந்து கருவி. சுவீடன் நாட்டு வொல்வோ பென்ரா நிறுவனம் 1959 இல் நியூயோர்க் கண்காட்சியில் 'அக்குவாமற்றிக்' என்னும் பெயரில் இதனை வெளியிட்டது.

இதில் இயந்திரத்தின் வலு இருமுறை செங்கோணத்தில் திரும்பிப் பற்சில்லுகள் வழியே விசிறியை அடைகின்றது. வலு மிதமிஞ்சினால் பெரும்பாலும் முறிவன அப்பற்சில்லுகளே. நடுக்கடலில் அவை முறியின் படகு வெறும் மிதவையாகிவிடும்.

ஆர்னசன் மேற்பரப்பு உந்தியிலோ தண்டு நேராகச் செல்லும். விசிறியின் ஒரு பகுதி நீருக்கு மேல் நின்று சுழலும். நீரின் தடை குறைதலால் வேகம் மிகும். ஆயின் மெல்லச் செல்லும்போதும் பின்னோக்கும்போதும் படகு எளிதிற் பணியாது.

ஆகவே, திறந்த கடலில் பெருவேகம் நாடுவோர்க்கு மேற்பரப்பு உந்தியும், துறைகளில் அடிக்கடி ஒதுங்குவோர்க்குப் பின்னுந்து கருவியும் பொருந்தும். எதுவாயினும், இயந்திரத்தின் வலுவைத் தாங்கும் திறனை முதலில் நோக்குதல் வேண்டும். வேகத்தின் கணக்கு அதன் பின்னரே.