கெர்னல் மாறினால் ட்ரைவர் என்னாகும்?

கேரளத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதன்று. ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கியது. 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. பள்ளிக் கணினிகளில் பிள்ளை பழகுவது லினக்ஸ். வீட்டு மடிக்கணினியிலும் அதன் தாய்வழியான டெபியனைப் போட்டுக்கொள்கிறான். அப்டேட் கொடுத்த மறுநாள் "தாத்தா, வைஃபை காணோம்" என்று வந்து நிற்கிறான். ஏன் காணோம் என்பதே இக்கட்டுரைப் பொருள்.

வன்பொருளுக்கும் மற்ற நிரல்களுக்கும் இடையில் நிற்பது கெர்னல். (கருனி என்று எழுதுவோர் உளர், எனக்கு அது வாயில் நிற்கவில்லை.) அதனோடு சேர்ந்து ஓடும் ட்ரைவர் துண்டுகளுக்கு மாட்யூல் என்று பெயர். ஒரு பதிப்புக்கென்று கட்டிய மாட்யூலை வேறு பதிப்பு ஏற்காது. ஆகவே ஒவ்வொரு பதிப்பும் தன் மாட்யூல்களைத் தனி அடைவில் வைத்துக்கொள்கிறது.

டெபியனில் கெர்னலின் பதிப்பு எண் பொதியின் பெயரிலேயே இருக்கிறது. அதனால் புதுக் கெர்னல் என்பது பழையதன் திருத்தமன்று, புதிய பொதி. ஆப்ட்-கெட் அப்கிரேட் என்னும் கட்டளை புதிய பொதி எதையும் உள்ளே விடாது. "நிறுத்தி வைத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். டிஸ்ட்-அப்கிரேட் கொடுத்தால்தான் வரும். பிற்காலத்து ஆப்ட் கட்டளை சாதாரண அப்கிரேடிலேயே கொண்டுவந்துவிடுகிறது.

பெரும்பாலான ட்ரைவர்கள் கெர்னலோடே வருபவை, அவற்றில் கவலையில்லை. சில பிராட்காம் வைஃபை, என்விடியா போன்றவைதாம் வெளியாட்கள். இவற்றின் மூலநிரலை வைத்துக்கொண்டு, புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் மறுபடி கட்டித் தருவது டெல் நிறுவனம் உருவாக்கிய டிகேஎம்எஸ். அதற்கு அந்தக் கெர்னலுக்குரிய ஹெட்டர் பொதி வேண்டும். கெர்னல் வந்து ஹெட்டர் வராவிட்டால் மாட்யூல் கட்டப்படாது, வைஃபையும் எழாது. லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64 என்னும் பொதுப் பொதியை ஒருமுறை நிறுவிவிட்டால், பிறகு ஹெட்டரும் கெர்னலோடு சேர்ந்தே வரும்.

பட்டணத்தில் இது சின்ன விஷயம், கேபிளைச் செருகினால் தீர்ந்தது. பொன்முடியில் அப்படியா? 22 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த இடத்தில் ட்ரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு ட்ரைவர் வேண்டும்! வழி இரண்டு. கைபேசியை யூ.எஸ்.பி. வடத்தால் இணைத்து அதன் இணையத்தைப் பகிரலாம். அதற்கான ட்ரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. கைபேசிக்கும் சிக்னல் இல்லையென்றால், தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு' வரியைத் திறந்து பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் வைஃபை உயிர்பெறும். வீட்டில் இணைப்பு இருக்கும் இடத்தில் உட்கார்ந்து ஹெட்டரை இறக்கிக்கொள்ளலாம்.

இதனால்தான் பழைய கெர்னலைக் கையால் நீக்கக் கூடாது என்கிறேன். புது மூட்டையைப் பிரித்துப் பார்க்குமுன் பழைய சரக்கைத் தெருவில் கொட்டும் வியாபாரி உண்டா? ஆட்டோரிமூவ் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலைத் தொடாது. இடம் போதவில்லையென்று நாமே அழிப்பதில்தான் வம்பு.

செக்யூர் பூட் உள்ள கணினியில் இன்னொரு தடை உண்டு: கையொப்பமில்லாத மாட்யூலை அது ஏற்காது. மறுதொடக்கத்தில் நீலத்திரை சாவியைப் பதியச் சொல்லும்போது அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள்.

கெர்னலையே 'ஹோல்டு' போட்டு நிறுத்துவோர் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு நின்றுவிடும் என்பதால் எனக்கு உடன்பாடில்லை. அதைவிட, அப்கிரேட் முடிந்ததும் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று கேளுங்கள். புதுக் கெர்னலின் எண்ணுக்கு நேரே 'இன்ஸ்டால்டு' என்று வந்த பிறகு கணினியை அணைத்துப் போடலாம்.