பள்ளிகொண்டாவுக்குப் புதுக் கிணறு: எங்கே தோண்டுவது, எதைப் பார்த்துத் தோண்டுவது?

பாலாற்றங்கரையிலேயே குடியிருந்துகொண்டு, மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீருக்குக் காத்திருப்பது வேலூர் வட்டாரத்துக்குப் பழகிப்போய்விட்டது. சுமார் 1,295 கோடி ரூபாய் மதிப்பில் போடப்பட்ட காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வேலூர் மாநகராட்சி தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் என்று வழிநெடுகப் பல ஊர்களின் தாகத்தைத் தணிக்கிறது. அதன் அருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் அவ்வளவு நீளக் குழாயில் எங்கோ ஓர் உடைப்பு, நீரேற்று நிலையத்தில் மின்தடை, மேட்டூர் அணையில் மட்டக்குறைவு என்று ஏதாவது ஒன்று நேர்ந்தால் தெருக்குழாய் வறண்டுவிடும். ஆகவே உள்ளூர்க் கிணறு இல்லாமல் எந்த ஊரும் நிம்மதியாக இருக்க முடியாது. பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிப் புதுப்புது வீட்டுமனைகள் முளைத்துவரும் பள்ளிகொண்டாவுக்கு இது இன்னும் பொருந்தும்.

முதலில் எவ்வளவு தண்ணீர் தேவை என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் பேரூராட்சிக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர், நகராட்சிக்கு 90, மாநகராட்சிக்கு 135 என்று கணக்கிடுவது வழக்கம். உதாரணத்துக்கு 25,000 பேர் என்று வைத்துக்கொண்டால் பேரூராட்சிக் கணக்கில் நாளொன்றுக்கு 17.5 லட்சம் லிட்டர் வேண்டும். குழாய்க் கசிவையும் சேர்த்தால் 20 லட்சம். மோட்டார் 16 மணி நேரம் ஓடினால், நிமிடத்துக்கு இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் கிணறு தந்தாக வேண்டும். இது இன்றைய கணக்கு. குடிநீர்த் திட்டத்தை முப்பது ஆண்டுகள் முன்கூட்டிப் பார்த்துத்தான் போடுவார்கள். அதற்குள் ஊர் பெருகும், ஆளுக்கான அளவும் கூடும்.

இவ்வளவு தண்ணீரை எங்கிருந்து எடுப்பது? பள்ளிகொண்டாவின் நிலத்தடியில் இரண்டு உலகங்கள் உண்டு. ஆற்றை விட்டு விலகினால் கெட்டிப் பாறை. நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகளின் மேல்பகுதி உளுத்துப்போன அடுக்கிலும் அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தண்ணீர் நிற்கும். வெடிப்பைத் தொட்டால் தண்ணீர் கிடைக்கும், பத்தடி தள்ளிப் போட்டால் புழுதிதான் பறக்கும். இந்தப் பாறையில் நிமிடத்துக்கு 100 லிட்டர் வந்தாலே நல்ல போர் என்பார்கள். அந்தக் கணக்கில் ஊருக்கு இருபது போர் வேண்டும். கோடையில் அதில் பாதி காற்றைத்தான் கக்கும்.

இன்னொரு உலகம் ஆற்றுமணல். இங்கே பெரிய விட்டத்தில் நீர் உறிஞ்சு கிணறு இறக்கி, அதன் அடியிலிருந்து நாலாபக்கமும் துளையிட்ட குழாய்களைக் கிடைமட்டமாக மணலுக்குள் செலுத்தினால், ஒரே கிணறு பல போர்களுக்கு ஈடாகும். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடாத மாதங்களிலும் மணலுக்குள் நீர் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். பாலாற்றுக்காரர்கள் ஊற்றுக்கால், அதாவது மணலுக்குள் ஊறும் நீரை வடித்துச் செல்லும் வாய்க்கால், வெட்டிப் பாசனம் செய்தது இதை அறிந்துதான்.

மணலின் மதிப்பை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஆறு 300 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் நீளத்தில் ஒரே ஒரு மீட்டர் ஆழ மணல் என்றால் 3 லட்சம் கன மீட்டர். பருமணலிலிருந்து அதன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு நீரை வெளியே எடுக்கலாம். அதாவது 60,000 கன மீட்டர், ஆறு கோடி லிட்டர். மேலே சொன்ன ஊருக்கு ஒரு மாதத் தண்ணீர். லாரியில் ஏறிப்போன ஒவ்வொரு மீட்டர் மணலோடும் இப்படி ஒரு மாதம் போய்விட்டது. மணல் அள்ளிய இடத்தில் களிமண்ணும் பாறையும் தெரிய ஆரம்பித்திருந்தால், அங்கே எவ்வளவு செலவழித்துக் கிணறு இறக்கினாலும் பயனில்லை. ஆகவே எத்தனை மீட்டர் மணல் மிச்சம் இருக்கிறது என்று துளையிட்டுப் பார்ப்பதே இடம் தேர்வில் முதல் வேலை.

தண்ணீர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது இந்த வட்டாரத்தில் பாதி வேலைதான். இறைக்க ஆரம்பித்த பிறகு எந்தப் பக்கத்துத் தண்ணீர் கிணற்றை நோக்கி வரும் என்பதுதான் மீதிப் பாதி. என் பார்வையில் அதுவே பெரிய பாதி.

காரணம் தோல். பள்ளிகொண்டாவுக்கு மேற்கே, ஆற்றின் மேல்பக்கத்தில் வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கின்றன. கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் கெடாமல் இருக்க உப்புத் தடவித்தான் டேனரிக்கு வரும். அங்கே ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பின் பெரும்பகுதி கழிவுநீரில் இறங்கும். பிறகு குரோமியம் சேர்த்துப் பதப்படுத்துவார்கள். குரோமியத்தில் பெரும்பகுதி சேற்றோடும் மண்ணோடும் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் நகரும். உப்பு அப்படியல்ல, தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். சாதாரணச் சுத்திகரிப்பில் அது நீங்காது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. கருவிகளும் ஆவியாக்கிகளும் வருவதற்கு முன் பல பத்தாண்டுகளாக இறங்கிய உப்பு நிலத்துக்குள்தான் இருக்கிறது.

தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் மக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் நாடெங்கும் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது இந்தத் தீர்ப்பால். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக அதில் பதிவாகியிருக்கிறது. இழப்பீடு முழுவதுமாகப் போய்ச் சேர வேண்டும் என்று 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. விவசாயிகளுக்கு அந்தப் பணம் கட்டாயம் சேர வேண்டும். ஆனால் பணம் கொடுத்தாலும் மண்ணுக்குள் இறங்கிய உப்பு வெளியேறிவிடாது. கிணறு தோண்டுகிறவர் அதையும் மனதில் வைத்துத்தான் இடம் பார்க்க வேண்டும்.

மோட்டார் ஓடும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் புனல் வடிவில் சரியும். அந்தப் புனல் நாளுக்கு நாள் விரியும். அதன் விளிம்பு உப்பு இறங்கிய நிலத்தையோ, ஊர்ச் சாக்கடை ஆற்றில் கலக்கும் இடத்தையோ தொட்டுவிட்டால், அதுவரை இனித்த கிணறு கரிக்கத் தொடங்கும். சென்னை இந்தப் பாடத்தை மீஞ்சூரில் படித்தது. 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையை ஆராய்ந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் நகரத்துக்காகக் கிணறுகள் அமைத்தார்கள். நல்ல ஆய்வு, நல்ல கிணறுகள். பிறகு மீஞ்சூர்ப் பக்கத்தில் நகரமும் விவசாயமும் தொழிற்சாலைகளும் சேர்ந்து அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில் கடல் இல்லை. தோல் உப்பு இறங்கிய நிலம் இருக்கிறது.

ஆகவே இடம் பார்க்க வருகிறவர் சொல்வதை எப்படிக் கேட்பது என்பதும் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேப்பங்குச்சியும் தேங்காயும் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் தண்ணீர் உண்டா என்று சொல்வார், உப்பா இனிப்பா என்று சொல்லமாட்டார். கருவி வைத்துப் பார்க்கும் மின்தடை ஆய்வு அதைவிட நம்பகமானது. நான்கு கம்பிகளைத் தரையில் அடித்து, மின்சாரம் செலுத்தி, மண் எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பார்கள். ஆனால் தடை குறைவாகக் காட்டினால் அங்கே களிமண்ணும் இருக்கலாம், உப்புத் தண்ணீரும் இருக்கலாம். சோதனைத் துளை போட்டு, நீரை எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

அதற்கும் மேலே முக்கியமானது இறைப்புச் சோதனை. ஒரே வேகத்தில் 24 மணி முதல் 72 மணி நேரம் வரை விடாமல் இறைக்க வேண்டும். ஒருவர் அளவுநாடாவும் நோட்டும் கையுமாகக் கிணற்றோரம் உட்கார்ந்து, முதலில் நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்து, பத்து, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறிப்பார். பக்கத்து விவசாயக் கிணற்றிலும் இன்னொருவர் அதையே செய்வார். மோட்டாரை நிறுத்தியபின் மட்டம் எவ்வளவு சீக்கிரம் மேலேறுகிறது என்பதையும் எழுத வேண்டும். இந்தச் சோதனையில் நம் ஊருக்கு நான் சேர்க்கச் சொல்வது ஒன்று. மணிக்கொரு தரம் ஒரு குவளை நீர் பிடித்து, கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பாருங்கள். முதல் மணியில் 700 காட்டி, இரண்டாம் நாள் 1,300 காட்டினால் புனல் உப்பை இழுக்கிறது என்று பொருள். தொடங்கும்போது ஒரே ஒரு பாட்டில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் இது தெரியவே வராது. இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாறைப் போர் என்றால் ஃபுளோரைடையும் பார்க்க வேண்டும், அதன் மேல்வரம்பு 1.5.

சோதனையை எந்த மாதத்தில் செய்கிறோம் என்பதும் முடிவை மாற்றிவிடும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. அப்படிப்பட்ட வெள்ளம் மணலை நிரப்பும், உப்பை நீர்த்துப்போகச் செய்யும். அதையடுத்த வாரங்களில் சோதித்த எந்தக் கிணறும் தங்கக் கிணறாகத்தான் தெரியும். மே மாதக் கடைசியில், கரையோர மோட்டார்களெல்லாம் ஓடும் நேரத்தில் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

அந்தக் கரையோர மோட்டார்கள் விவசாயிகளுடையவை. தென்னைக்கும் நெல்லுக்கும் அவர்கள் நம்பியிருப்பது இதே மணல்நீரைத்தான். தோல் தொழிலால் ஒருமுறை கிணற்றை இழந்தவர்களிடம் ஊருக்காக மறுபடியும் இழக்கச் சொல்வது அநியாயம். இடம் முடிவான பிறகு அறிவிப்பதைவிட, இறைப்புச் சோதனைக்கு அவர்களையே கூட வைத்துக்கொண்டு, அவர்கள் கிணற்றில் எத்தனை அடி இறங்குகிறது என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கச் செய்து, அதற்கேற்ப இறைக்கும் அளவையும் கிணறுகளுக்கிடையே தூரத்தையும் முடிவு செய்வதுதான் முறை. கிணற்றுக்குக் கீழ்ப்பக்கத்தில் தரைகீழ் தடுப்பணை ஒன்று கட்டினால், மணலுக்குள் நழுவிப்போகும் நீர் தேங்கி அவர்கள் கிணறுகளிலும் மட்டம் உயரும். ஆனால் மேல்பக்கத்துச் சாக்கடையை நிறுத்தாமல் தடுப்பணை மட்டும் கட்டினால் அழுக்கையும் சேர்த்தே தேக்குவோம்.

கிணறு ஓட ஆரம்பித்த பிறகு மாதம் ஒருமுறை நீர்மட்டம், டி.டி.எஸ். இரண்டையும் எழுதி, பேரூராட்சி அலுவலக வாசலில் ஒட்டிவைக்கலாம். உப்பு ஏறத் தொடங்கினால் இறைக்கும் நேரத்தைக் குறைத்துக் கிணற்றுக்கு ஓய்வு கொடுக்கலாம், காவிரித் தண்ணீரோடு தரைத்தொட்டியில் கலந்தும் விடலாம். 300 காட்டும் நீரையும் 1,200 காட்டும் நீரையும் சரிபாதி கலந்தால் 750 வரும்; 500ஐத் தாண்டினாலும் 2,000 என்ற மேல்வரம்புக்குள் இருப்பதால் குடிக்கலாம். இந்தக் கலப்பு உப்புக்கு மட்டும்தான் பொருந்தும். குரோமியம் வரம்பைத் தாண்டினால் அந்தக் கிணற்று மோட்டாரை அன்றே நிறுத்திவிட வேண்டும்.